இருதய நோயும் வைட்டமின் மாத்திரைகளும்

நோய் வந்த பின் வருந்துவதைக் காட்டிலும் வருமுன் காத்தலே நன்று என்பது நம் மக்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய பாடம் அன்று. அம்மைக்குத் தடுப்பூசி, இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து, குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் என்று பல வழிகளில் அப்பாடத்தை நம் கிராமங்கள் நடைமுறையில் கற்றுத் தேர்ந்திருக்கின்றன. ஆயினும், 'வருமுன் காக்கும்' என்ற பெயரைத் தாங்கி வரும் ஒவ்வொரு பொருளும் உண்மையாகவே காக்கின்றதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போதிய அளவில் வேரூன்றவில்லை. அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம்.

அண்மைக் காலமாக 'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்னும் பெயருடைய மாத்திரைகள் நகரத்து மருந்துக் கடைகளைக் கடந்து சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. வைட்டமின் 'ஈ', வைட்டமின் 'சி', பீட்டா கரோட்டின் முதலியவை அடங்கிய இம்மாத்திரைகளை உட்கொண்டால் மாரடைப்பு அணுகாது என்று விற்பவர் கூறுகின்றனர். கைப்பேசியில் வரும் விளம்பரங்களும் அதையே கூறுகின்றன. எமது ஒன்றியத்தில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி, "எங்கள் மாமனாருக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே கொடுக்கலாமா, ஐயா?" என்று வினவினார். இவ்வினாவுக்குத் தவறான விடை கிடைத்தால் பணம் மட்டுமன்றி உயிரும் போகக்கூடும். ஆதலின், இதற்கு விரிவான விடையளிப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

பெயரின் பொருள்

இரும்பைப் பனியில் போட்டு வைத்தால் துருப்பிடிக்கிறது. கடலை எண்ணெயை நாட்பட வைத்தால் காறிப்போய்ச் சிக்கு வாடை வீசுகிறது. நறுக்கிய வாழைப்பூ சிறிது நேரத்தில் கறுத்துவிடுகிறது. இவை யாவும் காற்றிலுள்ள பிராணவாயு அப்பொருள்களோடு சேர்வதால் நிகழ்பவை. இச்செயலை ஆக்ஸிஜனேற்றம் என்பர். வாழைப்பூவை மோர் கலந்த நீரில் போட்டுவைத்தால் கறுப்பது தணிவதை நம் தாய்மார் அறிவர். அதுபோல, ஆக்ஸிஜனேற்றத்தைத் தணிக்கும் ஆற்றலுடைய பொருள்களுக்கே ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று பெயர்.

இதற்கும் இருதயத்துக்கும் தொடர்பு என்ன? இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் உண்டு. வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல, ஆண்டுகள் பல செல்லச் செல்ல இக்குழாய்களின் சுவருக்குள் கொழுப்பு படிகிறது. இரத்தத்தில் மிதந்துவரும் 'எல்.டி.எல்.' என்னும் கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அங்கே அவை ஆக்ஸிஜனேற்றம் அடைகின்றன. அவ்வாறு கெட்ட கொழுப்பை உடலின் காவற்காரர்களாகிய வெள்ளணுக்கள் விழுங்கி உப்பிப்போய் அங்கேயே குவிகின்றன. இவ்வாறு உண்டாகும் திட்டு ஒரு நாள் வெடிக்குமாயின், அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவதால்தான் தீங்கு வளர்கிறது என்னும் கருத்தை 1989-ஆம் ஆண்டில் டேனியல் ஸ்டைன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் சகாக்களும் விரிவாக எடுத்துரைத்தனர். அப்படியானால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பொருளை மிகுதியாக உட்கொண்டால் நோயைத் தடுக்கலாமே என்று பலரும் எண்ணியது இயல்பே.

நம்பிக்கை வளர்ந்த விதம்

இவ்வெண்ணத்துக்கு வலுவூட்டும் செய்திகளும் விரைவிலேயே வந்தன. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு பெரிய ஆராய்ச்சிகளின் முடிவுகள் வெளியாயின. ஒன்றில் 87,245 பெண் செவிலியர்களும், மற்றொன்றில் மருத்துவத் துறை சார்ந்த 39,910 ஆண்களும் பல ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். வைட்டமின் 'ஈ' மிகுதியாக உட்கொண்டவர்களிடையே இருதய நோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன. மாத்திரை விற்பனையும் பெருகியது.

ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. அதை நம் உழவர்கள் எளிதில் உணர்வர். ஓர் ஊரில் புதிய உரம் ஒன்றைப் பத்துப் பேர் தாமாகவே வாங்கி இட்டார்கள் என்று கொள்வோம். அவர்கள் வயலில் விளைச்சல் மிகுதியாக இருந்தது. இது உரத்தின் பயனா? புதிய உரத்தைத் தேடி வாங்கியவர் பெரும்பாலும் கிணற்றுப் பாசன வசதியுடையவராயும், நல்ல விதையைத் தேர்ந்தெடுப்பவராயும், பருவத்தில் களையெடுப்பவராயும் இருப்பார். விளைச்சல் நீரினால் வந்ததா, விதையினால் வந்ததா, உரத்தினால் வந்ததா என்று எவரால் பிரித்துக் கூற முடியும்? அதுபோலவே, வைட்டமின் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்பவர் புகை பிடியாதவராயும், உடலுழைப்பு உடையவராயும், காய்கனி உண்பவராயும், காலத்தில் மருத்துவரை அணுகுபவராயும் இருத்தல் கூடும். அவரைக் காத்தது மாத்திரையா, அவருடைய பழக்கங்களா என்பதை வெறும் கவனிப்பினால் மட்டும் அறிந்துவிட முடியாது.

வயலிலிருந்து மருத்துவமனைக்கு

இச்சிக்கலைத் தீர்க்கும் வழி முதன்முதலில் வயல்வெளியிலேயே தெளிவாக வகுக்கப்பட்டது என்பது நாம் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்னுமிடத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1919-ஆம் ஆண்டு பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் என்னும் அறிஞர், நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆராய்ச்சியாளர் தம் விருப்பப்படி முடிவு செய்யாமல் திருவுளச்சீட்டைப் போன்ற குலுக்கல் முறையில் முடிவு செய்யவேண்டும் என்று வகுத்தார். அவ்வாறு செய்தால் நல்ல மண்ணும் தீய மண்ணும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிடப்படும். எஞ்சும் வேறுபாடு உரத்தினுடையதே என்று துணியலாம். ஒரே வயலில் இரண்டு உரங்களை ஒருங்கே சோதிக்கும் முறையையும் அவர் வளர்த்தார்: சில பாத்திகளுக்கு முதல் உரம் மட்டும், சிலவற்றுக்கு இரண்டாவது மட்டும், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு இரண்டும் இல்லை.

இம்முறை பின்னர் மருத்துவத்துக்கு வந்தது. நம் சென்னை மாநகரமும் இதில் பங்குகொண்டது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்துப் பார்த்தது. ஏழைக் குடிசையில் இருந்தவாறே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய ஒப்பாகவே குணமடைந்தனர் என்னும் உண்மை 1959-இல் வெளியாகி, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியமைத்தது. நல்லுணவும் நல்ல காற்றும் உடைய சானடோரியமே சிறந்தது என்று அதுகாறும் வல்லுநர் பலரும் நம்பியிருந்தனர். எத்துணை நியாயமாகத் தோன்றும் நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தாலன்றி ஏற்கலாகாது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சோதனைகள் கூறிய விடை

வைட்டமின் மாத்திரைகளும் இத்தகைய சோதனைக்கு உள்ளாயின. ஒரு பிரிவினருக்கு உண்மை மாத்திரையும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் வழங்கப்பட்டன. எவருக்கு எது கிடைத்தது என்பது உட்கொள்பவருக்கும் தெரியாது. அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

1996-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து வந்த முதல் செய்தி நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. இருதய நோயாளிகள் 2,002 பேரிடம் நடந்த அச்சோதனையில், வைட்டமின் 'ஈ' பெற்றவர்களுக்கு உயிருக்கு முடிவு தராத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆயினும் இறப்புகள் குறையவில்லை. மேலும் பெரிய சோதனைகள் தேவை என்பது தெளிவாயிற்று.

அவற்றுள் ஒன்று 'ஹோப்' என்னும் சோதனை. கேரளத்தில் பிறந்து கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சலீம் யூசுப் இதற்குத் தலைமை வகித்தார். இருதய நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 9,541 பேர் இதில் பங்குபெற்றனர். நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் 'ஈ' சராசரி நாலரை ஆண்டுகள் அளிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வைட்டமின் பெற்ற 4,761 பேரில் 772 பேருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, இருதய நோயால் மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரை பெற்ற 4,780 பேரில் 739 பேருக்கு நேர்ந்தது. அதாவது, வைட்டமினால் யாதொரு பயனும் விளையவில்லை.

அடுத்தது, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 20,536 பேரைக் கொண்டு நடத்திய இருதயப் பாதுகாப்பு ஆராய்ச்சி. இதில் வைட்டமின் 'ஈ' 600 மில்லிகிராம், வைட்டமின் 'சி' 250 மில்லிகிராம், பீட்டா கரோட்டின் 20 மில்லிகிராம் ஆகிய மூன்றும் சேர்த்து நாள்தோறும் ஐந்தாண்டுகள் தரப்பட்டன. மாத்திரை உடலில் சேரவில்லை என்று குறைகூறவும் இடமில்லை. ஏனெனில் இரத்தத்தில் வைட்டமின் 'ஈ' ஏறக்குறைய இருமடங்காகவும், பீட்டா கரோட்டின் நான்கு மடங்காகவும் உயர்ந்திருந்தன. இருந்தும், 2002-இல் வெளியான முடிவின்படி, வைட்டமின் பெற்ற 10,269 பேரில் 1,446 பேரும், பெறாத 10,267 பேரில் 1,389 பேரும் இறந்திருந்தனர். மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை.

பயனின்மை ஒருபுறமிருக்க, தீங்கும் வெளிப்பட்டதே கவலைக்குரியது. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதமும், மொத்த இறப்பு 8 சதவீதமும் மிகுதியாகக் காணப்பட்டன. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், அப்பழக்கத்தை விட்டவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் ஆகிய 18,314 பேரிடம், பீட்டா கரோட்டினையும் வைட்டமின் 'ஏ'யையும் சேர்த்தளித்து நடந்த மற்றொரு சோதனை, 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அங்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், இறப்பு 17 சதவீதமும் மிகுந்திருந்தன. பீடியும் சுருட்டும் பிடிப்பவர்கள் 'மாத்திரைதான் உட்கொள்கிறோமே' என்று மனநிறைவு கொள்வது எத்துணை ஆபத்து என்பதை இவ்விரு சோதனைகளும் தெளிவாக்குகின்றன.

இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் ஒருங்கே ஆராய்ந்த அமெரிக்க நாட்டின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, இருதய நோயையும் புற்றுநோயையும் தடுக்கும் பொருட்டு வைட்டமின் 'ஈ'யையோ பீட்டா கரோட்டினையோ உட்கொள்ளலாகாது என்று 2014-இலும் மீண்டும் 2022-இலும் பரிந்துரைத்தது.

ஏன் பலிக்கவில்லை?

காய்கனிகளில் உள்ள நற்பொருளையே பிரித்தெடுத்து மாத்திரையாக்கினால் அது ஏன் பயன்தரவில்லை என்று கேட்கலாம். இதற்கு அறிஞர்கள் சில காரணங்களைக் கருதுகின்றனர்.

முதலாவதாக, ஒரு கீரையில் ஒரு வைட்டமின் மட்டும் இல்லை. நார்ச்சத்து, பொட்டாசியம் முதலான உப்புகள், இன்னும் பல நுண்பொருள்கள் கூடியே அது உணவாகிறது. அன்றியும், தட்டில் கீரையும் காயும் மிகும்போது எண்ணெய்ப் பலகாரமும் உப்புப் பண்டமும் தாமே குறைகின்றன. மாத்திரை அவ்வாறு எதையும் குறைப்பதில்லை.

இரண்டாவதாக, உடலில் நிகழும் ஆக்ஸிஜனேற்றம் முழுவதும் தீயதன்று. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் பயன்படுத்தும் படைக்கலமும் அதுவே. தீ என்றால் வீட்டை எரிப்பதும் உண்டு, அடுப்பில் சோறாக்குவதும் உண்டு. எல்லாத் தீயையும் அணைக்க முற்படுவது நன்மையாகாது. மேலும், அளவு மிகுந்தால் வைட்டமின் 'ஈ', பீட்டா கரோட்டின் போன்றவையே சில சூழ்நிலைகளில் ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டவும் கூடும்.

மூன்றாவதாக, குழாய்ச் சுவரில் வண்டல் படிவது ஓரிரு ஆண்டில் நிகழ்வதன்று, இளமையிலேயே தொடங்குவது. வரத்துக் கால்வாயில் வண்டல் வருவதைத் தடுக்காமல், கடைமடையில் மருந்து தெளித்து என்ன பயன்?

அப்படியாயின் எது காக்கும்?

இங்குதான் மேற்கூறிய சோதனைகளின் சிறந்த பாடம் அடங்கியிருக்கிறது. ஃபிஷர் ஒரே வயலில் இரண்டு உரங்களைச் சோதித்ததைப் போல, அச்சோதனைகள் இரண்டிலும் அதே மக்களிடம் வேறொரு மருந்தும் உடன் சோதிக்கப்பட்டது. 'ஹோப்' சோதனையில் வைட்டமினோடு சோதிக்கப்பட்ட ராமிப்ரில் என்னும் சாதாரண மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோய் மரணம் ஆகியவற்றை 17.8 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைத்தது. ராமிப்ரில் இரத்தக் கொதிப்புக்கு வழங்கப்படும் மருந்தாகும். ஆக்ஸ்போர்டு சோதனையில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் என்னும் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது. அதே மக்கள், அதே ஆண்டுகள், அதே மருத்துவர்கள். ஒரு மாத்திரை காத்தது, மற்றொன்று காக்கவில்லை. ஆகவே, இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வைட்டமின் மாத்திரையைக் கொடுப்பது, மதகைத் திறந்துவிட்டு வரப்பில் சந்தனம் பூசுவதற்கு ஒப்பாகும்.

டாக்டர் யூசுப் தலைமையிலேயே 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் இந்தியரும் இடம்பெற்றிருந்தனர். மாரடைப்பின் காரணங்களுள் ஏறக்குறைய 90 சதவீதம் ஒன்பது செய்திகளில் அடங்கிவிடுகின்றன என்று அது கண்டது: புகையிலை, இரத்தத்தில் கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் தொடர்பான வேறுபாடு என்பன அவை. இவ்வொன்பதும் பெரும்பாலும் நம் கைக்குள் இருப்பவையே. காய்கனி இப்பட்டியலில் இடம்பெறுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். மாத்திரை தோற்றது, காய்கனி தோற்கவில்லை.

நாம் செய்யவேண்டியவை

முதற்கண், 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இவ்விரண்டும் பல ஆண்டுகள் யாதொரு துன்பமும் தராமல் உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும் தன்மையன. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை இடையில் நிறுத்திவிடுவதே பெருந்தவறு. அரசு மருத்துவ நிலையங்களில் இம்மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அவற்றை வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்லும் நோக்கமுடையது.

இரண்டாவதாக, பீடி, சிகரெட்டு, சுருட்டு, வாயில் அடக்கும் புகையிலை ஆகிய அனைத்தையும் விட்டொழிக்க வேண்டும். இதற்கு ஈடான இருதய மருந்து கடையில் விற்கப்படுவதில்லை.

மூன்றாவதாக, உப்பைக் குறைத்தல் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உட்கொள்ளவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும்.

நான்காவதாக, நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி என்னும் அளவை எட்ட முயலவேண்டும். இதற்கு வெளியூர்ப் பழங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, வேலியோரம் ஒரு பரங்கிக்கொடி, கழிவுநீர் பாயுமிடத்தில் நாலு வாழை, இவையே போதும். விற்பனையாளர் சீசாவில் அடைத்துத் தரும் கரோட்டின் முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் இருக்கிறது. வைட்டமின் 'சி' நெல்லியிலும் கொய்யாவிலும் நிறைந்திருக்கிறது. வைட்டமின் 'ஈ' வேர்க்கடலையில் இருக்கிறது. மாதம் 500 ரூபாய் மாத்திரைக்குச் செலவிடும் குடும்பம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை இழக்கிறது. அத்தொகையில் அக்குடும்பம் முழுவதும் ஆண்டில் எத்தனை நாள் பழமும் பயறும் உண்ணலாம் என்பதை இல்லத்தரசியரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நாம் கூறியவை யாவும், குறைபாடு இல்லாதவர்கள் இருதய நோயைத் தடுக்கும் பொருட்டு உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றியவை மட்டுமே. கருவுற்ற தாய்மாருக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும், குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் வைட்டமின் 'ஏ' திரவமும், மருத்துவர் ஒரு குறைபாட்டைக் கண்டு எழுதிக்கொடுக்கும் வைட்டமின்களும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றை எக்காரணம் கொண்டும் நிறுத்துதல் கூடாது.

இறுதியாக, நெஞ்சில் பாரம் ஏற்றினாற்போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமின்றிக் கொட்டும் வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயு என்று சொல்லிக் காலங்கடத்தாமல் உடனே 108-க்குத் தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் கடுமையான வலி இன்றியே மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஊராட்சித் தலைவர்கள், ஆசிரியர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மகளிர் குழுவினர் ஆகியோர் இச்செய்திகளைத் தத்தம் ஊரில் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். புதிய மாத்திரையோ, புதிய விதையோ, புதிய உரமோ எதுவாயினும், "இதைக் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம்? முடிவு என்ன?" என்னும் மூன்று கேள்விகளை விற்பவரிடம் தயங்காமல் கேட்கும் ஊரை எளிதில் ஏமாற்ற இயலாது. அத்தகைய ஊர்கள் பெருகினால் நம் மக்கள் உழைத்து ஈட்டிய பொருளும் நிலைக்கும், உயிரும் நிலைக்கும்.